ரீத்தா கொடுத்த மஞ்சள் குப்பி

புனித அன்னம்மாள் துணை

ஜார்ஜ் டவுன், பினாங்கு
3 பிப்ரவரி 2025

தங்கை ரீத்தாவுக்கு,

நீயும் உன் மகள் ஷேரனும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் சுகத்துக்கு என்றைக்கும் குறை வந்ததில்லை.

நான் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுச் சனிக்கிழமைதான் வீடு திரும்பினேன். இது உனக்குத் தெரியும். மாடி வீட்டு லோகேஸ்வரி உனக்குச் செய்தி அனுப்பியதும், நீ தினமும் வார்டுக்கு அழைத்ததும் எனக்குத் தெரியும். போன் என் தலைமாட்டில்தான் இருந்தது. நான்தான் எடுக்கவில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ விமானம் ஏறிய நாலாம் நாள் எனக்கு அரிப்பு தொடங்கியது. உள்ளங்கை, உள்ளங்கால், பிறகு உடம்பெல்லாம். வெயில் என்று நினைத்தேன். சிறுநீர் கறுத்த தேயிலை நிறத்துக்கு மாறியது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் லோகேஸ்வரி என்னை நிறுத்தி முகத்தைப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்க கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்குலா. பையை எடுத்துக்கிட்டு வாங்க, நான் காடி எடுக்கிறேன்" என்று கார் சாவியைத் தேடி எடுத்தாள். எழுபத்து நாலு வயதில், மேல் மாடிப் பெண் அதட்ட, நான் பை எடுத்துக்கொண்டு போனேன்.

வார்டு டாக்டர் ரொஸ்னா என்ற மலாய்க்காரப் பெண். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. ஆனால் கேள்வி கேட்கும் ஒழுங்கு எனக்குப் பிடித்தது. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பதினொரு வருடமாக ஒரே இரத்த அழுத்த மாத்திரை. அதோடு, கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து, நீ பெர்த்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் மாத்திரை, தினம் ஒன்று. குப்பியைக் கையில் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, இப்படிச் சாறு எடுத்து மிளகோடு சேர்த்து அடைப்பது வேறு, இது சிலருடைய ஈரலைக் கெடுத்திருக்கிறது என்றார். இதுதான் காரணம் என்று இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, இரத்தத்தில் ஓர் அடையாளத்தைப் பார்க்கக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறேன், முடிவு வர வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார். குப்பியை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தோடு உனக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கோலாலம்பூர் முடிவுக்கு நான் காத்திருக்கத் தேவையில்லை. எனக்குக் கணக்கு எளிது. எழுபத்து நாலு வருடம் என் ஈரல் ஒழுங்காக இருந்தது. நீ வந்தாய். குப்பியைக் கொடுத்தாய். ஈரல் கெட்டது.

நீ அதைக் கொடுத்த விதமும் எனக்கு மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில், எல்லார் முன்னாலும், "அக்காவுக்கு மூட்டு வலி, முகமும் வாடிப்போச்சு, இதைச் சாப்டா என்னை மாதிரி ஆயிடுவா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு நாலு வயது இளையவள் நீ. ஆனால் பதினாலு என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள்.

நேற்று பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சொன்னேன். ரீத்தா கொடுத்த மாத்திரையில் ஈரல் போயிற்று என்று, குரலை உயர்த்தாமல், உள்ளதைச் சொன்னேன். உன் பெயரைக் கேட்டதும் முகம் மலர்கிற அந்த எட்டுப் பெண்களும் முதல் முறையாக வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவுப் பூசையில் பாட உன்னைப் பங்குச் சாமியார் கேட்டிருப்பதும், நீ டிக்கெட் எடுத்திருப்பதும் அறிந்தேன். இந்த வீட்டில் தங்க வேண்டாம். உன்னால் வேறு இடத்தில் தங்கிப் பாட முடியும் என்றால், அது உனக்கும் சாமியாருக்கும் உள்ள விஷயம்.

கண் இன்னும் மஞ்சள்தான். அரிப்பால் தூக்கம் இல்லை. மற்றபடி குறை இல்லை.

இப்படிக்கு,
பிலோமினா லாரன்ஸ்


புனித அன்னம்மாள் துணை

ஜார்ஜ் டவுன்
29 மார்ச் 2025

அன்புள்ள ரீத்தாவுக்கு,

என் முந்தைய கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஷேரன் மட்டும் இரண்டு வரி அனுப்பினாள். "பெரியம்மா, அம்மா டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டாங்க. வீட்ல பாடுறதையும் நிறுத்திட்டாங்க. சந்தோஷமா?" அந்தக் கடைசிச் சொல்லுக்கு அவளை நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கண் வெளுத்துவிட்டது. அரிப்பு போய்விட்டது. இரத்தத்தில் எண்கள் ஒவ்வொரு தடவையும் குறைகின்றன.

கோலாலம்பூர் முடிவு சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. டாக்டர் ரொஸ்னா என்னை உட்கார வைத்து அரைமணி நேரம் விளக்கினார். எனக்குப் புரிந்த வகையில் உனக்கு எழுதுகிறேன்.

கான்வென்ட்டில் காலை வணக்கத்தின்போது வரிசையாக நின்று கையை நீட்டுவோமே, கன்னிகாஸ்திரி ஒவ்வொரு கையாகப் பார்த்து நகத்தைச் சோதிப்பார்களே, உடம்பிலும் அப்படித்தான் நடக்கிறதாம். ஒவ்வொரு உயிரணுவும் தன்னுள் இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்துக் கையில் வைத்து வெளியே நீட்டுகிறது. எதிர்ப்புச் சக்தி வந்து பார்க்கிறது. நம்முடையது என்றால் விட்டுவிடும். அந்நியம் என்றால் அடிக்கும். நீட்டுகிற அந்தக் கையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. எச்.எல்.ஏ. என்று அதற்குப் பெயர். சில கைகளில் சில மருந்துகள் ஏடாகூடமாக உட்கார்ந்துவிட்டால், சோதிக்க வந்தவர் நம் ஈரலையே அந்நியம் என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிடுகிறார். மருந்து நல்ல மருந்துதான். மற்ற ஆயிரம் பேர் சாப்பிட்டுச் சுகமாக இருப்பார்கள்.

மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டவர்களில் பலரிடம் ஒரு குறிப்பிட்ட அடையாளம் இருக்கிறதாம். அதைத் தேடித்தான் என் இரத்தத்தை அனுப்பினார். அது என்னிடம் இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

வேறு இரண்டு அடையாளங்கள் என்னிடம் இருக்கின்றன. அந்த இரண்டையும் வேறொரு மருந்தோடுதான் அதிகம் பார்க்கிறார்களாம். அமோக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை. பல் டாக்டர், மூக்கு டாக்டர், எந்தக் கிளினிக்கிலும் கொடுக்கிற சாதாரண மாத்திரை. அது செய்கிற கெடுதி உடனே தெரியாது. மாத்திரை முடிந்து இரண்டு வாரம், நாலு வாரம், சில பேருக்கு அதற்கும் மேலே கழித்துத்தான் மஞ்சள் ஏறும். ஈரலின் எண்கள் என்னிடம் உயர்ந்த விதமும் அதற்குத்தான் பொருந்துகிறது என்றார். அடையாளம் ஒரு சாட்சி மட்டுமே, அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, அதனால் உங்களையே மறுபடி கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, "ஆன்ட்டி, டிசம்பரில் அந்த மாத்திரை சாப்பிட்டீர்களா? அட்மிட் ஆன நாளில், கடந்த மூன்று மாதத்தில் வேறு மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள்" என்றார். மலாயில்தான் கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் யாரும் பொய் சொல்ல முடியாது.

சாப்பிட்டேன், ரீத்தா. ஏழு நாள். கடைசி மாத்திரை டிசம்பர் பன்னிரண்டு.

வார்டில் அவர் கேட்டபோது கோயில் பெண்கள் இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு கட்டிலருகில் நின்றார்கள். அவர்கள் காதில் விழ நான் சொல்ல விரும்பவில்லை. பிறகு தனியாகச் சொல்லியிருக்கலாம். அதற்குள் எல்லாரும் உன் குப்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. சில நாளில் நானே அந்த மற்ற மாத்திரையை மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்தேன். மறக்க வேண்டும் என்று நினைத்தால் மனிதருக்கு எவ்வளவு நன்றாக மறக்கிறது.

ஏன் சாப்பிட்டேன் என்று கேட்பாய். டிசம்பர் முதல் வாரம் முன்பல் மூன்றைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டேன். வலி ஒன்றும் இல்லாத பற்கள். கொஞ்சம் கோணல், கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். நீ பதினெட்டாம் தேதி வருகிறாய் என்று தெரிந்ததும் போனேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் படத்திலும் நீ முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் நான் கடுகடுப்பானவள் என்று நினைக்கிறார்கள். இந்த ஒரு படத்திலாவது நானும் சிரிக்க வேண்டும் என்று இருந்தது. ஈறு வீங்கிச் சீழ் பிடித்தது. பல் டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்து, பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சாப்பிடுங்கள் என்றார். நான் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் நீ என் பல்லைக் கவனிக்கவே இல்லை.

ஆக, உன் மஞ்சள் குப்பி செய்த குற்றம் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. இனி அதைச் சாப்பிட வேண்டாம் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார், அது வேறு. கோயில் பெண்களிடம் இதைத் தக்க சமயத்தில் சொல்லுவேன்.

இன்னொன்று. இந்த அடையாளங்கள் அப்பா அம்மா வழியாக வருவதால், கூடப் பிறந்தவர்களிடமும் இருக்கலாமாம். உனக்கும் பார்ப்பது நல்லது என்றார் டாக்டர். உன்னிடம் அந்தப் பழைய தாள் இன்னும் இருக்கிறதா? நீ உன் வீட்டுக்காரர் நாதனுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தபோது இதே எச்.எல்.ஏ. சோதனையைத்தான் செய்திருப்பார்களாம். நாதன் உன் சிறுநீரகத்தோடு ஒன்பது வருடம் வாழ்ந்தார். ஊரே உன்னைப் புனிதை என்றது. என் லாரன்ஸுக்கு மூன்று நாளில் இதயம் நின்றுவிட்டது. என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கொடுத்திருப்பேன். அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த மூன்று நாளும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். நீ பெர்த்திலிருந்து ஒரே ஒரு தடவை போன் செய்து, சாமியாரின் மோட்டார் சைக்கிள் கதையைச் சொன்னாய். ஆக்ஸிஜன் மூடிக்குள் அவர் சிரித்தார். கடைசியாக அவர் சிரித்தது அதுதான். உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை.

தாள் இருந்தால் ஷேரனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.

இப்படிக்கு,
பிலோமினா


புனித அன்னம்மாள் துணை

ஜார்ஜ் டவுன்
17 ஜூன் 2025

என் அன்புத் தங்கை ரீத்தாவுக்கு,

நேற்று நீ போன் செய்து அரைமணி நேரம் பேசினாய். அதில் இருபது நிமிடம் சிரித்தாய். ஐந்து மாதத்துக்குப் பிறகு உன் சிரிப்பைக் கேட்கிறேன் என்பதால் நான் இடைமறிக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லவும் இல்லை. இப்போது எழுதுகிறேன், இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்.

முதலில் கோயில் விஷயம். பெந்தகோஸ்து ஞாயிறன்று அதே வாசலில், அதே எட்டுப் பெண்களையும் நிறுத்திச் சொன்னேன். ரீத்தாவின் மாத்திரை இல்லை, என் பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை, நான் டாக்டரிடம் மறைத்தேன், உங்களிடம் தங்கையின் பெயரைக் கெடுத்தேன் என்று. அவர்களில் மூத்தவள், "இதுக்கா பிலோ இவ்ளோ நாள் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு இருந்தே? நாங்கெல்லாம் எப்பவோ பல்லு கட்டியாச்சுலா" என்று தன் மேல்வரிசையைக் கழற்றிக் காட்டினாள். கோயில் வாசலில். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பாஸ்கா இரவில் உனக்குப் பதிலாக வேறொருத்தி பாடினாள். இரண்டாம் வரியிலேயே சுருதி இறங்கிவிட்டது. எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு நான் தகுதியானவள்தான்.

இப்போது அந்தத் தாள். ஷேரன் அனுப்பிய படத்தை டாக்டர் ரொஸ்னாவிடம் காட்டினேன். அவர் என் தாளையும் உன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். அடையாள எண்கள் அத்தனையும் ஒன்று. அப்பாவிடமிருந்து வந்த பாதியும் ஒன்று, அம்மாவிடமிருந்து வந்த பாதியும் ஒன்று. அக்கா தங்கைகளில் நாலில் ஒரு பங்குதான் இப்படி அமையுமாம். "ஒரே அச்சு, ஆன்ட்டி" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று உன்னிடம் மறைக்கப்போவதில்லை. சின்ன வயதிலிருந்து நம் இருவரையும் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். நிஜமாகவே அக்கா தங்கையா என்று. உனக்கு அம்மாவின் நிறம், அப்பாவின் குரல். எனக்கு யாருடையதோ. கான்வென்ட்டில்கூட உன்னைப் பாட அழைப்பார்கள், என்னைக் கரும்பலகை துடைக்க அழைப்பார்கள். இத்தனை வருடம் கழித்து ஒரு மலாய்க்கார டாக்டர் மேசை மேல், உனக்கு இருக்கிற ஏதோ ஒன்று எனக்கும் முழுசாக இருக்கிறது என்று தெரிந்தது. அந்த அறையில் ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. அது ஈரலைக் கெடுக்கிற சங்கதி என்பதுகூட மறந்துபோயிற்று.

பிறகுதான் நேற்று நீ போனில் சொன்னாய். சைனஸுக்கு அதே மாத்திரையை நீ நாலு தடவை சாப்பிட்டிருக்கிறாய். நாலு தடவையும் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "நாலு வாட்டி சாப்ட்டுட்டேன் அக்கா, ஒண்ணும் ஆகலலா. அஞ்சாவது வாட்டி மட்டும் என்னா ஆயிடப்போவுது? ஆகஸ்ட்ல மூக்கு ஆபரேஷன், அதுக்கப்புறம் அதைத்தான் பத்து நாள் சாப்பிடணும்னு சொல்லிட்டாங்க. நீ பயப்படாதே." நான் வேண்டாம் என்றேன். உடனே நீ, "என் ஈரலைப் பாத்துகூடவா பொறாமை உனக்கு?" என்று சிரித்தாய்.

ஆமாம். பொறாமைதான். அதே அப்பா, அதே அம்மா, அதே எண்கள், அதே மாத்திரை. நான் பன்னிரண்டு நாள் தோலைப் பிய்த்துக்கொண்டு கிடந்தேன். நீ நாலு தடவை விழுங்கிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்திருக்கிறாய். ஏன் என்று இன்று காலையே டாக்டரை அழைத்துக் கேட்டேன். தெரியாது என்றார். அடையாளம் இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, வேறு எதுவோ கூடச் சேர வேண்டும், அது என்ன என்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். அந்த வேறு எதுவோ எனக்கு மட்டும் வந்து சேர்ந்தது. நான் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். முன்பு ஒன்றும் ஆகவில்லை என்பது இனியும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லையாம். வயது ஏற ஏற இந்த ஆபத்து கூடுமாம். "வாய்ப்பு குறைவுதான். ஆனால் அதே அடையாளங்கள் உள்ள ஒரு சகோதரி படுத்து எழுந்த பிறகு, மற்றவர் என் தாயாக இருந்தால் அவருக்கு அதைக் கொடுக்க மாட்டேன். வேறு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன" என்றார். நான் கேட்டு வாங்கி, அவர் கைப்பட எழுதிய ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்தின் பெயரும், நம் இருவருடைய எண்களும், எனக்கு என்ன ஆயிற்று என்பதும் இருக்கிறது. ஷேரனுக்குப் படமும் அனுப்பிவிட்டேன். அவளுக்கும் இதில் பாதி உன் வழியாக வந்திருக்கும், அவள் தாளையும் பார்க்கச் சொல்.

உனக்கு நான் இதுவரை நல்லது எதுவும் சொன்னதில்லை. உன் உடுப்பில் கறை இருக்கிறது என்றும், உன் சமையலில் உப்பு கூடியது என்றும், உன் பாட்டில் உச்சரிப்புப் பிழை என்றும்தான் சொல்லியிருக்கிறேன். அதனால் நான் சொல்வதை நம்ப வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. டாக்டர் சொல்வதை நம்பு. இந்த ஒரு தடவை மட்டும் என்னை ஜெயிக்கப் பார்க்காதே.

ஆகஸ்டில் அந்த ஆபரேஷன் டாக்டர் உன்னைத் தொடுவதற்கு முன்னால், இந்தத் தாளை அவர் கையில் கொடு. மேசை மேல் வைத்துவிட்டு வராதே. அவர் படிக்கிற வரைக்கும் எதிரே நில். பினாங்கில் இருக்கிற ஒரு கிழவிக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று அவர் சிரித்தால், என் போன் நம்பரைக் கொடு. காலையில் எட்டு மணியிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும் என்று தினமும் கேட்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தாலும், தாளை நீயே நீட்டிவிடு.

உன் அக்கா
பிலோ